நடுவில் வந்துவிட்டால் சரியா?

முதுகலைப் பொறியியல் மாணவர்களின் வாய்மொழித் தேர்வுகளில் நான் திரும்பத் திரும்பக் கேட்டு வரும் ஒரு வாதம் உண்டு. ஒரு முகத்தில் செராமிக், மறு முகத்தில் உலோகம், இடையில் தடிப்பின் வழியே கலவை சிறிது சிறிதாக மாறிச் செல்லும் தட்டு ஒன்றை மாணவர் எடுத்துக்கொண்டிருப்பார். ஆய்வேடுகளில் அதை எஃப்.ஜி.எம். (functionally graded material, பண்பு படிப்படியாக மாறும் பொருள்) தட்டு என்பார்கள். மூங்கிலின் குறுக்குவெட்டும் பல்லின் குறுக்குவெட்டும் முதல் இரண்டு படங்களாக வந்துபோகும் (இந்தத் துறையில் அவை பிள்ளையார் சுழி மாதிரி). பிறகு சுமையின் கீழ்த் தட்டு எவ்வளவு தொய்கிறது என்ற வரைபடம் வரும். முழு உலோகத் தட்டின் கோடு மேலே, முழு செராமிக் தட்டின் கோடு கீழே, மற்றவை எல்லாம் இடையில். “சார், நம்ம ரிசல்ட் ரெண்டுக்கும் நடுவுல வருது, அதனால புரோகிராம் கரெக்டா ஓடுது” என்று மாணவர் முடிப்பார். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களும் தலையசைத்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

அந்த வாதத்தில் பொய் எதுவும் இல்லை. தட்டின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அங்குள்ள யங் குணகம் (பொருள் எவ்வளவு விறைப்பானது என்பதன் அளவு) உலோகத்தின் மதிப்புக்கும் செராமிக்கின் மதிப்புக்கும் இடையில்தான் இருக்கும். ஆகவே மேலிருந்து அழுத்தும் சாதாரணச் சுமைக்குத் தட்டின் தொய்வும் அந்த இரு எல்லைகளுக்குள்தான் அடங்கும். நிரலில் பெரிய பிழை இல்லை என்பதற்கு அது ஒரு சான்றும்கூட. என்னை உறுத்துவது அந்தச் சான்றின் பின்னால் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. இரண்டு பொருள்களைக் கலந்தால் கிடைப்பது இரண்டின் சராசரி, தட்டும் அந்தச் சராசரியைப் போலவே நடந்துகொள்ளும் என்பதே அது. இந்த நம்பிக்கை தொய்வில் தப்பிவிடுகிறது. தகைவிலும் (பொருளுக்குள் ஓரலகுப் பரப்பில் எழும் விசை) வெப்பத்திலும் தட்டின் தளத்துக்குள் செலுத்தப்படும் அமுக்கத்திலும் தப்புவதில்லை.

இந்தப் பொருள்கள் பிறந்த கதையே சராசரிக்கு எதிரானது. 1984-இல் ஜப்பானின் செண்டாய் பகுதி ஆய்வாளர்கள் விண்விமானம் ஒன்றுக்கான வெப்பத் தடுப்பைப் பற்றி யோசித்தபோது, மேற்பரப்பில் ஏறத்தாழ 2000 கெல்வின் வெப்பநிலையையும் 10 மி.மீ.க்கும் குறைவான தடிப்புக்குள் 1000 கெல்வின் வேறுபாட்டையும் தாங்கும் பொருள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. உலோகத்தின் மேல் செராமிக்கை ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒட்டிய இடத்திலேயே அது பெயர்ந்துவிடும். ஆகவே ஒட்டுமிடம் என்ற ஒன்றே இல்லாமல் செய்வதே வழி என்ற முடிவுக்கு வந்தார்கள். 1987-இல் அது தேசியத் திட்டமானது. 1990-இல் செண்டாயில் முதல் சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. கலவையின் சராசரிப் பண்பு என்னவாக வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வியாக இருக்கவில்லை. பண்பு எங்கே தாவுகிறது, அந்தத் தாவலை எப்படிக் கரைப்பது என்பதுதான் கேள்வி. தட்டின் இயக்கவியலையும் அந்தக் கேள்வியிலிருந்தே அணுக வேண்டும் என்பது என் கருத்து.

ஒரே சரக்கு, மூன்று தட்டுகள்

கணினியை மூடிவைத்துவிட்டு, பென்சிலால் போடக்கூடிய ஒரு கணக்கை இங்கே தருகிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாக வரும் இணையையே எடுத்துக்கொள்வோம்: அலுமினியம், யங் குணகம் 70 கிகாபாஸ்கல், அலுமினா, 380 கிகாபாஸ்கல், இரண்டுக்கும் பாய்சான் விகிதம் (நீளவாக்கில் இழுத்தால் பக்கவாட்டில் எவ்வளவு சுருங்கும் என்பது) ஒன்றே என்று கொள்வோம். சரிபாதி அலுமினியமும் சரிபாதி அலுமினாவும் கொண்டு 10 மி.மீ. தடிப்பில் மூன்று தட்டுகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். முதலாவதில் இரண்டும் எங்கும் ஒரே சீராகக் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் கீழ்முகம் முழு அலுமினியமாகவும் மேல்முகம் முழு அலுமினாவாகவும் இருக்க, இடையில் கலவை நேர்கோடாக மாறுகிறது. மூன்றாவதில் கீழ்ப்பாதி அலுமினியம், மேற்பாதி அலுமினா, நடுவில் ஓர் ஒட்டு. கலவையின் குணகத்தைப் பங்குகளின் நேரடிச் சராசரியாகவே எடுத்துக்கொள்கிறேன். அந்த அனுமானத்தின் தகுதியைப் பற்றிப் பின்னால் பேசலாம்.

மூன்றிலும் சரக்கு ஒன்றுதான், சராசரிக் குணகமும் ஒன்றுதான்: 225 கிகாபாஸ்கல். ஆனால் வளைத்துப் பார்த்தால் சீரான கலவைத் தட்டு மட்டுமே 225 கிகாபாஸ்கல் பொருளைப் போல நடந்துகொள்கிறது. படிப்படியாக மாறும் தட்டு ஏறத்தாழ 189 கிகாபாஸ்கல் பொருளின் விறைப்பையும், ஒட்டுத் தட்டு 145 கிகாபாஸ்கல் பொருளின் விறைப்பையும்தான் காட்டுகின்றன. வளைக்கும்போது நீளம் மாறாமல் நிற்கும் தளம் தட்டின் நடுவில் இல்லை என்பதே காரணம். விறைப்பான செராமிக் அந்தத் தளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது; படிமாற்றத் தட்டில் அது நடுத்தளத்துக்கு மேலே 1.15 மி.மீ. தொலைவிலும், ஒட்டுத் தட்டில் 1.72 மி.மீ. தொலைவிலும் அமைகிறது. வலுவான பொருள் அந்தத் தளத்துக்கு நெருங்கிப் போவதால் அதன் வலு முழுவதும் வளைவை எதிர்க்கப் பயன்படாமல் போகிறது. இவ்வளவும் பாடப்புத்தகச் செய்திதான். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

தகைவை எழுதிப் பார்க்கும்போதுதான் எனக்குப் பென்சில் நின்றது. ஒரு மீட்டர் அகலத்துக்கு 1000 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் கொடுத்து, கீழ்முகம் இழுபடவும் மேல்முகம் அமுங்கவும் வளைக்கிறோம். சீரான தட்டில் இரு முகங்களிலும் 60 மெகாபாஸ்கல் தகைவு வரும். ஒன்று இழுப்பு, ஒன்று அமுக்கம். படிமாற்றத் தட்டில் செராமிக் முகத்தில் 93 மெகாபாஸ்கல் அமுக்கமும், அலுமினிய முகத்தில் 27 மெகாபாஸ்கல் இழுப்பும் வருகின்றன. இதுவும் எதிர்பார்த்ததே: அமுக்கத்தைத் தாங்குவதில் கெட்டிக்காரனான செராமிக்கிடம் சுமை அதிகமாகவும், மறுபக்கம் குறைவாகவும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் கீழ்முகத்திலிருந்து உள்ளே செல்லச் செல்ல இழுதகைவு குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. ஏறுகிறது. கீழ்முகத்திலிருந்து 1.9 மி.மீ. உள்ளே அது 35 மெகாபாஸ்கலைத் தொட்டுவிட்டு, அதன் பிறகுதான் இறங்கத் தொடங்குகிறது.

காரணம் எளியது. தகைவு என்பது குணகமும் திரிபும் (நீளம் மாறும் விகிதம்) பெருகிய பலன். முகத்திலிருந்து உள்ளே போகும்போது திரிபு குறைகிறது, ஆனால் குணகம் கூடுகிறது; கொஞ்ச தூரத்துக்குக் குணகத்தின் ஏற்றமே வெல்கிறது. இரண்டு நேர்கோடுகளைப் பெருக்கினால் வரும் பரவளைவின் உச்சி அது, பள்ளிக் கணிதம். ஆனாலும், விட்டமோ தட்டோ வளைந்தால் அதிகத் தகைவு வெளிமுகத்தில்தான் என்பது நாங்கள் டிப்ளமோ முதலாண்டிலிருந்து கை தானாக எழுதும் அளவுக்குப் பழகிய பாடம். வடிவமைப்பவர் சோதிப்பது வெளிமுகத்தை. ஆய்வகத்தில் திரிபுமானி ஒட்டப்படுவதும் வெளிமுகத்தில். இந்தத் தட்டில் வெளிமுகத்து அளவீட்டைத் தகைவாக மாற்றி, அதுவே உச்சம் என்று நம்பினால், உண்மையான உச்சத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதைவிட முக்கியமானது, அந்த உச்சம் விழும் இடம். அங்கே கலவையில் ஏறத்தாழ 19 விழுக்காடு செராமிக் இருக்கிறது. செராமிக் துகள் கலந்த அலுமினியம் விறைப்பாக இருக்கும், ஆனால் தூய அலுமினியத்தைப் போல இழுத்த இழுப்புக்கு நீளாது. இழுவைத்திறன் மிகுந்த முகம் ஓய்வாக இருக்க, இழுவைத்திறன் குறைந்த உட்புறம் அதிகமாக இழுபடுகிறது. சீரான தட்டு எதிலும், அது அலுமினியமானாலும் அலுமினாவானாலும், இப்படி ஒரு நிலை வருவதில்லை. இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கே தேடினாலும் இந்த நடத்தை கிடைக்காது.

இதைக் கொண்டு படிமாற்றத் தட்டைக் குறை சொல்லிவிடக் கூடாது. அதே திருப்புத்திறனை ஒட்டுத் தட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். நீளம் மாறாத அந்தத் திரிபற்ற தளம் செராமிக்குக்குள் ஏறிப்போயிருப்பதால், செராமிக்கின் அடிப்பகுதி இழுபடுகிறது. ஒட்டுக்கு மேலே அதன் தகைவு 54 மெகாபாஸ்கல் இழுப்பு. ஒட்டுக்கு ஒரு மயிரிழை கீழே அலுமினியத்தில் வெறும் 10 மெகாபாஸ்கல். எந்தப் பொருள் இழுப்புக்கு அஞ்சுமோ அதன் தலையில், அதுவும் ஒட்டு இருக்கும் இடத்திலேயே, இழுப்பு வந்து விழுகிறது. கலவையைப் படிப்படியாக மாற்றியதன் பயன் இதுதான்: ஐந்து மடங்குக்கு மேற்பட்ட தாவல் மறைந்து, உச்ச இழுப்பு 54-இலிருந்து 35-ஆகக் குறைந்து, தட்டும் முப்பது விழுக்காடு கூடுதல் விறைப்பாகிறது. செண்டாய்க்காரர்கள் தேடியது இதைத்தான்.

சுடும்போது

வெப்பத்துக்கு வந்தால் “நடுவில்” என்ற வாதம் இன்னும் வேகமாக உடைகிறது. 1998-இல் பிரவீன், ரெட்டி இருவரும் வெளியிட்ட, இந்தத் துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை, செராமிக்–உலோகத் தட்டுகளின் நடத்தை பொதுவாகத் தூய செராமிக் தட்டுக்கும் தூய உலோகத் தட்டுக்கும் இடைப்பட்டதாக இருப்பதில்லை என்பதையே தன் முடிவாகச் சொல்கிறது. அந்தக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்க்காத ஆய்வேட்டை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். அந்த முடிவைப் படித்த சுவடு தெரியும் ஆய்வேடு அதைவிட அரிது.

அவர்களுடைய முழுக் கணக்குக்குப் போக வேண்டியதில்லை. முன்பு சொன்ன படிமாற்றத் தட்டையே எடுத்து, எங்கும் தடையில்லாமல் வைத்து, முழுவதையும் சீராக 100 பாகை சூடாக்குங்கள். தூய அலுமினியத் தட்டு விரியும், ஆனால் வளையாது. தூய அலுமினாத் தட்டும் அப்படியே. வளைவைப் பொறுத்தவரை இரண்டு எல்லைகளும் பூச்சியம். படிமாற்றத் தட்டோ வளைகிறது. அலுமினியத்தின் விரிவுக் குணகம் பாகைக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, அலுமினாவினுடையது 7.4 பங்கு, விரிவும் நேர்கோடாக மாறுவதாகக் கொண்டால், 30 செ.மீ. நீளமுள்ள துண்டு நடுவில் ஏறத்தாழ 1.75 மி.மீ. உயரத்துக்கு வில்லாக எழும்பும். இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் இரட்டை உலோகப் பட்டை வளைவதும் இதே காரணத்தால்தான். ஒரு வேறுபாடு உண்டு: அந்தப் பட்டையின் ஒட்டில் தகைவு சேர்கிறது, இங்கே விரிவு நேர்கோடாக மாறுவதால், தட்டு தடையின்றி வளைய விடப்பட்டால் உள்ளே தகைவே எழுவதில்லை. பூச்சியத்துக்கும் பூச்சியத்துக்கும் நடுவில் 1.75 மி.மீ. எப்படி வந்தது என்று அந்த வரைபடக்காரரிடம் கேட்டால் அவர் முதலில் தன் நிரலைத்தான் சந்தேகிப்பார்.

ஓரங்களை இறுக்கிப் பிடித்துவிட்டால் கதை மாறும். வளைய விடாமல் தடுத்த அந்த வளைவு முழுவதும் தகைவாக மாறித் தட்டுக்குள் தங்கிவிடும். ஆகவே தட்டைப் பற்றிப் பேசும்போது அதன் பொருளை மட்டும் சொன்னால் போதாது. அதைச் சுற்றி எப்படிப் பிடித்திருக்கிறோம் என்பதும் சீரான தட்டில் இருப்பதைவிட இங்கே கூடுதலாக முடிவைத் தீர்மானிக்கிறது.

நெளிவதா, வளைவதா

இதே பிடிமானச் சிக்கல்தான், தட்டின் ஓரத்தைத் தளத்துக்குள்ளேயே அமுக்கும் சுமையிலும் வருகிறது. சீரான தட்டு அத்தகைய சுமைக்கு ஒரு குறிப்பிட்ட அளவுவரை தட்டையாகவே நின்று, அந்த அளவைத் தாண்டியதும் திடீரென்று நெளியும். அந்த அளவைக் கண்டுபிடிப்பதே நெளிவுக் கணக்கு. படிமாற்றத் தட்டை எளிய தாங்கலில் (ஓரங்கள் திரும்புவதற்குத் தடையில்லாத தாங்கல்) வைத்து, நடுத்தளத்தின் வழியே அமுக்கினால் என்ன ஆகும்? திரிபற்ற தளம் 1.15 மி.மீ. தள்ளியிருப்பதால், அமுக்கும் விசை தூணின் மையத்திலிருந்து விலக்கி வைத்த சுமையைப் போலாகிவிடுகிறது. முதல் நியூட்டனிலிருந்தே தட்டு வளையத் தொடங்கும். தட்டையாக நின்று பிறகு நெளிவது என்பது அங்கே நிகழவே இல்லை. ஆகவே நெளிவுச் சுமை என்று ஓர் எண்ணைக் கொடுப்பதற்கும் அங்கே பொருளில்லை. ஓரங்களை இறுக்கிப் பிடித்திருந்தால், பிடிமானமே எதிர்த் திருப்புத்திறனைக் கொடுத்துத் தட்டைத் தட்டையாக வைத்திருக்கும். அப்போது நெளிவுக் கணக்கு செல்லும். அமுக்கும் விசையை நடுத்தளத்தில் செலுத்தாமல் திரிபற்ற தளத்தில் செலுத்தினாலும் செல்லும்.

அடுக்குத் தட்டுகளில் இந்தக் கேள்வியை ஆர்தர் லீசா 1986-லேயே தெளிவாக எழுப்பிவிட்டார். தளச் சுமையின் கீழ்த் தட்டு தட்டையாகவே இருப்பதற்கான நிபந்தனைகளை அவர் வகுத்துக் காட்டினார். படிமாற்றத் தட்டுகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று பின்னர் எழுதப்பட்டும் ஆயிற்று. அதன் பின்னரும் எளிய தாங்கலுடைய படிமாற்றத் தட்டின் நெளிவுச் சுமை என்று நான்கு தசம இடங்களுக்கு எண் தரும் அட்டவணைகள் வந்துகொண்டிருக்கின்றன. புதிய கட்டுரை தன் எண்ணைப் பழைய கட்டுரையின் எண்ணோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது என்று மகிழ்கிறது. பொருந்தத்தான் செய்யும், இருவரும் வளைவையும் நீட்சியையும் பிணைக்கும் அதே சமன்பாட்டு உறுப்பை ஒரே இடத்தில் விட்டுவிட்டிருந்தால்.

இங்கே இன்னொரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தட்டுக் கோட்பாடுகளில் எங்களுக்குக் குறைவே இல்லை. ரைஸ்னர் 1945-இலும் மிண்ட்லின் 1951-இலும் வெட்டுத் திரிபை (தட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதுபோல் உருமாறுவதை)ச் சேர்த்துத் தந்தார்கள். ரெட்டி 1984-இல் மூன்றாம் படிக் கோட்பாட்டைத் தந்தார். அதன் பிறகு சைன், அதிபரவளைவு, படிக்குறி என்று தடிப்பின் வழியே பெயர்ச்சி மாறும் விதத்துக்குப் புதிய புதிய சார்புகள் வந்தபடியே இருக்கின்றன. செந்தில் வேல், பத்ரா இருவரும் 2002-இல் தடித்த படிமாற்றத் தட்டுக்கு முப்பரிமாணத் துல்லியத் தீர்வையே கொடுத்துவிட்டார்கள். புதிய கோட்பாட்டை உரசிப் பார்க்க அதைவிட நல்ல உரைகல் வேண்டாம். இந்தக் கோட்பாடுகள் எதைத் திருத்துகின்றன? பக்க நீளம் தடிப்பைப் போல் பத்து மடங்குள்ள எளிய தாங்கல் சதுரத் தட்டில், வெட்டுத் திரிபைச் சேர்ப்பதால் தொய்வு ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது. அதற்கு மேல் எந்தச் சார்பைத் தேர்ந்தெடுத்தாலும் தொய்வில் வரும் வேறுபாடு மிகச் சிறிது.

இப்போது நான் ஒத்திவைத்த அனுமானத்துக்கு வருவோம். பாதிக்குப் பாதி கலந்த இடத்தில் குணகம் 225 கிகாபாஸ்கல் என்று எழுதினேனே, அது இரு பொருள்களும் ஒரே திரிபுக்கு உள்ளாகின்றன என்று கொண்டால் கிடைக்கும் மேல் எல்லை. இரண்டும் ஒரே தகைவைத் தாங்குகின்றன என்று கொண்டால் கிடைக்கும் கீழ் எல்லை 118 கிகாபாஸ்கல். உண்மையான கலவை, துகளின் வடிவத்தையும் பரவலையும் உள்ளிருக்கும் நுண்துளைகளையும் பொறுத்து, இவற்றுக்கு இடையில் எங்கோ விழும். கோட்பாட்டுக்காரர்கள் 5 விழுக்காட்டைத் தசமம் தசமமாகச் செதுக்கிக்கொண்டிருக்க, உள்ளிடும் குணகமே ஏறத்தாழ இரண்டு மடங்கு இடைவெளிக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. கலவையின் பங்கை ஓர் அடுக்குக்குறியால் எழுதும் வழக்கமும் கணிதத்துக்கு வசதியாக இருப்பதால் வந்ததே. தூள்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து அடுக்கடுக்காகப் பரப்பி, அழுத்திச் சூளையிலிட்டு எடுக்கும் தட்டில் கலவை படிக்கட்டாகத்தான் மாறுகிறது. சூளையிலிருந்து அது குளிரும்போதே தன் பங்குக்கு எஞ்சிய தகைவுகளையும் கொண்டு வருகிறது. தட்டு ஒன்றைச் செய்து, வளைத்து, உடைத்துப் பார்த்த கட்டுரைகள், எழுதிக் கணக்கிட்ட கட்டுரைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. செய்வது செலவு, கணக்கிடுவது மலிவு. எங்கள் கல்லூரிகளின் நிலையில் அதைக் குற்றமாகவும் சொல்ல முடியவில்லை.

ஆனால் செலவே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இப்போதெல்லாம் தேர்வுக்கு வரும் மாணவர்களிடம் நான் கேட்பது அதைத்தான். அதே தட்டை அதே நிரலில் தலைகீழாகப் போட்டு, செராமிக் முகம் இழுபடும்படி வளைக்கச் சொல்கிறேன். திரையில் தொய்வு இம்மியும் மாறாது. நேரியல் கோட்பாட்டுக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாது, கோடு பழையபடி இரண்டுக்கும் நடுவிலேயே வந்து நிற்கும். பிறகு தடிப்பின் வழியே தகைவை வரையச் சொல்கிறேன். அலுமினிய முகத்துக்கு அருகே 35 மெகாபாஸ்கலாக இருந்த இழுப்பின் உச்சம், இப்போது 93 மெகாபாஸ்கலாகி, தட்டிலேயே இழுப்புக்கு மிகவும் அஞ்சும் செராமிக் முகத்தில் நிற்கும்.